ஒரே எண்ணில் மூன்று போத்தல்

யோகேஸ்வரனுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் வீட்டில் பியர் காய்ச்சினார் என்று சொன்னதுமே ஆட்கள் ஒரு மாதிரியாகச் சிரிக்கிறார்கள், எனக்குக் கோபம் வருகிறது. செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி, காலையில் குளித்ததும் திருநீறு, எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் ஒதுங்கி வழிவிடுகிற மனிதர். அவர் காய்ச்சிய பியரில் ஒரு சொட்டுகூட அவர் நாக்கில் பட்டதில்லை. அத்தனையையும் குடித்தவன் நான்.

நான் வரதராஜன், திருச்சிக்காரன். 1976இல் சிட்னி ரயில்வேயில் வரைபடக்காரனாக வேலைக்கு வந்த புதிதில், மெரிலேண்ட்ஸில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் பின்னறையைத்தான் எனக்குக் கொடுத்தார். அந்த அறைக்குக் குடிவந்த முதல் நாளே அவருடைய மனைவி சத்தியபாமா, சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் ஒரு தட்டில் போட்டுக் கொண்டுவந்து தந்தார். அதற்குமுன் இரண்டு மாதம் பாண் ரொட்டியும் ஜாமும் தின்று செத்துக்கொண்டிருந்தவனுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அன்றிலிருந்து அவர் எனக்குப் பாமா அக்கா. அந்த வீட்டைப் பற்றி யார் குறைவாகப் பேசினாலும் சண்டைக்குப் போவேன்.

யோகேஸ்வரன் கொழும்பில் பதினொரு வருடம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். தேயிலையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளந்து சொல்வதுதான் அவர் வேலை. இங்கே வந்த பிறகு அவருடைய சான்றிதழ்களை வாங்கிப் பார்த்தவர்கள் எல்லாரும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில், பெல்ட்டில் ஓடிவருகிற பிஸ்கட்டில் உடைந்ததைப் பொறுக்கி எடுக்கிற வேலை கிடைத்தது. சனிக்கிழமை காலையும் ஓவர்டைம். பாமா அக்கா பரமட்டாவில் ஒரு மருத்துவமனையில் நர்சுகளுக்கு உதவியாளர். அவருக்கு ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும்.

அந்தக் காலத்தில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிற பைத்தியம் ஊரெல்லாம் பிடித்திருந்தது. தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த ஒருவன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப்பற்றி விளக்கியிருக்கிறான். முளைகட்டி உலர்த்திய பார்லிக்கு மால்ட் என்று பெயர். அதை உடைத்து, சரியான சூட்டில் வெந்நீரில் ஊறவைத்தால் அதிலிருக்கும் மாப்பொருள் சர்க்கரையாகும். வடித்து, கொதிக்கவைத்து, ஆறவைத்து ஈஸ்ட் போட வேண்டும். ஈஸ்ட் போடுவதற்கு முன்னால் அந்தச் சாறு எவ்வளவு கனமாக இருக்கிறது என்று ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். தண்ணீர் ஆயிரம் என்றால் சாறு ஆயிரத்து நாற்பது, ஐம்பது என்று காட்டும். இந்தக் கடைசிச் செய்தியைக் கேட்டதும் யோகேஸ்வரனுக்குக் கை துறுதுறுத்துவிட்டது. ஒன்றரை வருடமாக எதையும் அளக்காத கை அது.

வீட்டு லாண்டரியில் துணி வேகவைக்கிற பழைய செப்புக் கொப்பரை ஒன்று இருந்தது. அதைத் தேய்த்துப் பொன்னாக்கினார். கையால் சுற்றுகிற ஒரு மில், ஒரு தராசு, மால்ட் கொட்டிவைக்க ஒரு பேசின், இரண்டு தெர்மாமீட்டர், ஒரு கறுப்பு நோட்டுப் புத்தகம். ஐந்து கிலோ மால்ட், இருபது லிட்டர் சாறு, இதுதான் அவருடைய கணக்கு. வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமை பின்னேரம் காய்ச்சுவார்.

அங்கேதான் சனி பிடித்தது. ஒரு வாரம் ஆயிரத்து நாற்பத்தாறு வரும், அடுத்த வாரம் முப்பத்தெட்டு. பிறகு இரண்டு வாரம் நாற்பத்தைந்து, திடீரென்று முப்பத்தொன்பது. குடிக்கிற எனக்கு இதில் ஒரு குறையும் இல்லை, ஒரு வாரம் கொஞ்சம் தலை சுற்றும், ஒரு வாரம் சுற்றாது. அவருக்கோ தூக்கம் போய்விட்டது. தெர்மாமீட்டரை மாற்றினார். மில்லின் இடைவெளியைச் சரிசெய்தார். சாறு சரியாக இருபது பாகைக்கு ஆறும்வரை காத்திருந்து அளந்தார். சிட்னித் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். ஒருநாள், நான் சாற்றைக் களவாகக் குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைக்கிறேனோ என்றுகூடக் கேட்டார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

மால்ட் வாங்க அவர் போகிற ஆலையில் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாக ஹார்கிரீவ்ஸ் என்றொருவர் இருந்தார். சிரிக்கவே தெரியாத வயதான வெள்ளைக்காரர். வாசலில் நின்று யோகேஸ்வரன் ஏதோ நுணுக்கமான கேள்வி கேட்கப்போக, பேச்சு வளர்ந்து, இவர் யார் என்ன என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. கூடத்தில் ஒரு இடம் காலியாகப் போகிறது என்று ஹார்கிரீவ்ஸ் சொல்லியிருக்கிறார். ஆனால் வாய் நிறையப் பேசிய இரண்டு பட்டதாரிகளை எடுத்துச் சூடுபட்டவர் அவர், சான்றிதழைக் கையில் வாங்கவே இல்லை. இருபது கிலோ மால்ட் ஒரு சாக்கில் கொடுத்தார். ஜனவரி மாதத்துக்குள் நான்கு முறை காய்ச்ச வேண்டும். அதில் மூன்று, ஒரு புள்ளிக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் ஒரே எண்ணில் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஐந்து கிலோ, இருபது லிட்டர். தண்ணீரோ சீனியோ கலந்து சரிக்கட்டக் கூடாது. ஈஸ்ட் போடுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் ஒரு போத்தல் எடுத்து, மூடி, குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். எண் பெரிதா சிறிதா என்பது முக்கியமில்லை, ஒரே மாதிரி வர வேண்டும், அவ்வளவுதான்.

அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவர் கதிரையில் உட்காரவே இல்லை. குசினி வாசலில் நின்றபடியே சொன்னார். மறுபடி வெள்ளைக் கோட் போடலாம். இல்லையென்றால் உடைந்த பிஸ்கட்.

முதல் சனிக்கிழமை நாற்பத்தாறு வந்தது. இரண்டாவது சனிக்கிழமை முப்பத்தெட்டு. அன்று அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை தொழிற்சாலையில் அடுப்பு பழுதாகிவிட்டது என்று எல்லாரையும் பத்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யோகேஸ்வரன் பின்பக்க வாசலைத் திறந்துகொண்டு வந்தார். முற்றத்துப் புல்லில் பூப்போட்ட படுக்கை விரிப்பு. அதன்மேல் அலசிய மால்ட், ஒரு விரல் கனத்துக்குப் பரப்பிக் கிடந்தது. பாமா அக்கா குனிந்து அதைக் கையால் கிளறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கதிரையில், கையில் செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக்கொண்டு மைனா விரட்டியவன், வேறு யார், நான்தான்.

எனக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டால், தெரியும். அக்கா வீட்டில் இருக்கிற சனிக்கிழமைகளில் இது நடக்கும். பியர் காய்ச்சுவதில் இதுவும் ஒரு படி என்றுதான் நினைத்தேன். அரிசி மாவுக்கு எங்கள் வீட்டில் அம்மா இப்படித்தான் செய்வார்.

யோகேஸ்வரன் விரிப்பின் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாமா, எத்தினை நாளாய் இதைக் கழுவுறீர்?"

"நான் வீட்டில நிக்கிற நாளெல்லாம். நீங்கள் வேலைக்குப் போகேக்க பேசின்ல கொட்டி வச்சிட்டுத்தானே போறனீங்கள். சாக்கில வந்த சாமான், எலி ஓடின சாமான். ஆக்கள் குடிக்கப்போறதைக் கழுவாமல் எப்பிடிப் போடுறது? ரெண்டு தண்ணியில அலசி, வெயில்ல காயவச்சு, நீங்கள் வாறதுக்குள்ள திருப்பிப் பேசின்ல போட்டிடுவன்."

அவர் விரிப்பிலிருந்து ஒரு மணியை எடுத்துக் கடித்தார். சத்தமே இல்லை. லாண்டரிக்குப் போய்ச் சாக்கிலிருந்து ஒரு மணியை எடுத்துக் கடித்தார். முறுக்கு மாதிரி உடைந்தது. குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த அக்காவின் ஷிப்ட் தாளைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்து, லாண்டரிப் படியில் உட்கார்ந்து, கறுப்பு நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அக்கா வேலைக்குப் போன சனிக்கிழமைகள் நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. அக்கா வீட்டில் நின்ற சனிக்கிழமைகள் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. ஒன்றுகூடத் தவறவில்லை.

கழுவிய மணி தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே தண்ணீர் நிற்கும். அவர் ஐந்து கிலோ என்று நிறுத்ததில் அரைக் கிலோவுக்கு மேல் வெறும் தண்ணீர். போதாததற்கு, ஈர மணி மில்லில் உடையாமல் நசுங்கித்தான் போகும். காய்ச்சப் போகிற நேரத்தில்தான் நிறுக்க வேண்டும் என்பது அவருடைய பரிசோதனைக் கூடத்துப் பழக்கம், அந்த ஒழுங்குதான் அவரைக் கவிழ்த்திருக்கிறது. பதினொரு வருடம் தேயிலையில் ஈரம் பார்த்த மனிதர் வீட்டு மால்டில் பார்க்கவில்லை. நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கணக்கு புரிந்துவிட்டது. முதல் முறை கழுவாதது. இரண்டாம் முறை கழுவியது. மூன்றாம் முறைக்கானது இதோ விரிப்பில் கிடக்கிறது, அதுவும் கழுவியது. சாக்கில் இனி ஒரே ஒரு முறைக்குத்தான் மால்ட் இருக்கிறது. அதைக் கழுவாமல் காய்ச்சினால் இரண்டு நாற்பத்தாறு, இரண்டு முப்பத்தெட்டு. மூன்று சேரவே சேராது. மூன்று ஒன்றாக வர ஒரே வழி, கடைசி ஐந்து கிலோவையும் அதே மாதிரி கழுவி, அதே மாதிரி காயவைப்பது.

முதல் போத்தலில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினால் போயிற்று, யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று நான் சொன்னேன். நானாக இருந்தால் ஊற்றியிருப்பேன், அதை ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. நான் ஏதோ தெரியாத பாஷையில் பேசினேன் என்பதுபோலப் பார்த்துவிட்டு, வழக்கம்போல அக்கா பன்னிரண்டு மணிக்கு விரிப்பைச் சேர்த்து எடுத்ததும் அதை அள்ளிக் காய்ச்சப் போய்விட்டார். அன்று முப்பத்தொன்பது வந்தது.

பாமா அக்காவுக்கு விஷயம் புரிந்தபோது முகம் செத்துவிட்டது. "என்ர கையாலதான் உங்கட வேலை போகப்போகுது. இனி அந்தச் சாமானைத் தொடமாட்டன்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு மால்ட் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். யோகேஸ்வரன் தானே கழுவிப் பார்ப்போம் என்று, முதல் வாரம் பேசினில் மிஞ்சியிருந்ததிலிருந்து ஒரு பிடி எடுத்து அலசி, காயவைத்து, நிறுத்துப் பார்த்தார். ஒருநாள் கஞ்சியானது. அடுத்த நாள் வெயிலில் வைத்தது கருவாடாகக் காய்ந்தது. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவை உட்காரவைத்துக் கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எழுந்து போகத் தோன்றவில்லை.

"பாமா, ஒரு வேலையை ரெண்டு தரம் ஒரே மாதிரிச் செய்யிறது எவ்வளவு கஷ்டமெண்டு எனக்குத் தெரியும். பதினொரு வருசம் அதைத்தான் செய்தனான். நீர் தராசும் இல்லாமல், மணிக்கூடும் பாக்காமல் எட்டு மாசமாய்ச் செய்திருக்கிறீர். நான் நோட்டில எழுதி வச்சிருக்கிறன், பாரும். நாளைக்கும் ஒருக்காச் செய்து தாரும்."

"பிழைச்சுப்போனால்?"

"பிழைச்சால் நான் பிஸ்கட் பொறுக்குவன். அதுக்கு நீர் பொறுப்பில்லை."

அக்கா எழுந்து போய்த் தொலைபேசியில் கூட வேலை செய்கிற மால்டா நாட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, சனிக்கிழமை ஷிப்டை மாற்றித் தரச் சொன்னார். அக்கா சம்மதித்துவிட்டார் என்பது எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

மறுநாள் பார்த்தால் வானம் மூடிக் கிடக்கிறது. முந்தின இரண்டு வாரமும் நெருப்பு வெயில். இன்றைக்குத் தெற்கிலிருந்து குளிர்காற்று. யோகேஸ்வரன் ஓவர்டைமுக்குப் போகவில்லை, முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தார். அக்கா வழக்கம்போல இரண்டு தண்ணீரில் அலசி, விரிப்பில் பரப்பினார். நான் மைனாக்களைப் பார்த்துக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பறவையே எங்கள் பிழைப்பில் மண் போட வேண்டுமா என்று அன்றைக்கு அவற்றின்மேல் எனக்கு இருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

பன்னிரண்டு மணி ஆனதும் யோகேஸ்வரன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். முந்தின வாரங்களில் இந்த நேரத்துக்குத்தானே எடுத்தீர் என்றார். அக்கா குனிந்து இரண்டு மணியை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"மணி பாத்து நான் எடுக்கிறேல்லை. இன்னும் பதம் வரேல்லை."

ஒரு மணிக்கும் வரவில்லை. இரண்டு மணிக்கும் வரவில்லை. தூறல் விழுமோ என்று யோகேஸ்வரன் வானத்தைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன், அக்கா யாரையும் பார்க்காமல் கிளறிக்கொண்டே இருக்கிறார். மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் மறுபடி இரண்டு மணியை உருட்டினார். விரிப்பின் நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்தார். "இப்ப எடுங்கோ" என்றார்.

சாறு ஆறி இருபது பாகைக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஹைட்ரோமீட்டர் மிதந்து, ஆடி, நின்றது. யோகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். முப்பத்தெட்டு.

செவ்வாய்க்கிழமை என்னுடைய பழைய ஹோல்டன் காரில் போத்தல்களோடு ஆலைக்குப் போனோம். பாமா அக்காவுக்குப் பின்னேர ஷிப்ட், அதனால் மருத்துவமனைச் சீருடையிலேயே பின்சீட்டில் வந்தார். உள்ளே வர மாட்டேன் என்று காரிலேயே இருந்துவிட்டார். துணைக்கு நானும் இருந்தேன். உள்ளே நடந்ததை யோகேஸ்வரன் பிறகு சொன்னார். ஹார்கிரீவ்ஸ் தன் கையாலேயே மூன்று போத்தலையும் அளந்திருக்கிறார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு. என் மால்டுக்கு இது மிகவும் குறைவாயிற்றே, ஏன் என்று கேட்டிருக்கிறார். இவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அப்படியே கொடுத்துவிட்டார். சேராமல் போன நாற்பத்தாறும் அதில் இருந்தது, இரண்டு தண்ணீரில் அலசியதும் இருந்தது, யார் அலசியது என்பதும் இருந்தது. கடைசி மால்டில் ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தார். அதையும் மேசையில் வைத்தார்.

ஹார்கிரீவ்ஸ் வாசித்து முடித்துவிட்டு, உங்கள் மனைவி எங்கே என்று கேட்டாராம்.

வெள்ளைக் கோட்டோடு அந்த மனிதர் நேரே எங்கள் காரை நோக்கி வருவதைக் கண்டதும் அக்கா திட்டுவதற்குத்தான் வருகிறார் என்று நினைத்துவிட்டார். கதவைத் திறந்து இறங்கி, சீருடையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் 'சாரி' என்றார். ஹார்கிரீவ்ஸ் அதைக் காதில் வாங்கவில்லை. காகிதத்தில் இருந்த மால்டை நீட்டி, எப்போது எடுப்பது என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள் என்று கேட்டார். அக்கா இரண்டு மணியை விரல் நடுவில் வைத்து உருட்டிக் காட்டினார். அவரும் இரண்டு மணியை எடுத்து உருட்டினார். தலையை ஆட்டினார்.

"என் பரிசோதனைக் கூடத்தில் இதற்கென்று ஒரு மின்சார அடுப்பு இருக்கிறது" என்றார். "அது எல்லா நாளும் இவ்வளவு சரியாகச் சொல்வதில்லை."

பிறகு பின்னால் வந்து நின்றவரைத் திரும்பிப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி, ஆனால் ஒன்றையும் விடாமல், "மிஸ்டர் யோகேஸ்வரன், திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வாருங்கள்" என்றார்.

அந்த ஆலையில் அவர் அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் இருந்தார், அந்தக் கூடத்துக்கே பொறுப்பாகவும் ஆனார். அதையெல்லாம் பெருமையாகச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனாலும் என் மனதில் நிற்பது அன்று திரும்பி வந்த வழிதான். வுட்வில் ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். யோகேஸ்வரன் காலியான போத்தல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் இருந்தார்.

"முழுப் பேரையும் சொன்னவர், என்ன?" என்றார் பின்னாலிருந்து அக்கா.

"ஓம்."

"இந்த நாட்டுக்கு வந்து ஒரு ஆளும் உங்களை முழுப் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை."

சொல்லிவிட்டுச் சீருடைக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். யோகேஸ்வரன் சீட்டில் முழுக்கத் திரும்பி, அந்தக் கையை மெதுவாக எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "உம்மாலதான், பாமா" என்றார். நான் காரை ஓரமாக நிறுத்தினேன். எனக்கும் ரோடு சரியாகத் தெரியவில்லை.